சேலமா, தேவனஹள்ளியா: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து விமானம் ஏறக் கணக்கு

ஓசூரில் வரப்போவதாகச் சொல்லும் விமான நிலையம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு பேச்சு எழும். "பெங்களூரில் அவ்வளவு பெரிய ஏர்போர்ட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்பார் ஒருவர். "ஓமலூரில் இருப்பதையே யாரும் கண்டுகொள்வதில்லை, இதில் ஓசூர் வேறா?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. சிறிய நிலையத்தில் ஏறி இறங்குவதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்தால் மீதிப் பாதியும் பிடிபடும்.

எது சிறிய நிலையம்?

கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்வதல்ல இது. ஓடுதளத்தைப் பார்க்க வேண்டும். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு கெம்பேகௌடா நிலையத்தில் ஓடுதளங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 4,000 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற 180 இருக்கை ஜெட் விமானங்கள் வழக்கமாக 45 மீட்டர் அகல ஓடுதளத்தில் ஓடுபவை. முழுப் பாரத்தோடு கிளம்ப அவற்றுக்கு 2,000 மீட்டருக்கு மேல் நீளமும் வேண்டும். ஆகவே சேலத்துக்கு வருவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். இண்டிகோ ஓட்டும் ஏடிஆரில் 78 இருக்கைகள். வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

இந்த 1,806 என்ற எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: எந்த விமானம், எத்தனை பேர், எவ்வளவு தூரம், எத்தனை கிலோ பெட்டி. ஓடுதளத்தை நீட்ட காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய நான்கு ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2018இல் விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். விளையும் நிலத்தை விட்டுக்கொடு என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

லாபம் தரையில் இருக்கிறது

சிறிய நிலையம் என்றால் பயணம் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறோம். வானத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை; ஜெட்டைவிட ஏடிஆர் மெதுவாகத்தான் போகும். மிச்சமாகும் நேரமெல்லாம் தரையில் மிச்சமாவது.

1. வீட்டிலிருந்து நிலையத்துக்கு. தருமபுரியிலிருந்து காமலாபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நான்கு வழிச்சாலையில் ஒரு மணி நேரம். தேவனஹள்ளி 165, 170 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டும் வரை வண்டி பறக்கும். அத்திப்பள்ளிக்கு அப்புறம் எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்த டிரைவரும் சத்தியம் செய்ய மாட்டார். சில்க் போர்டு, ஹெப்பாள் இரண்டிலும் மாட்டிக்கொண்டால் ஐந்து மணி நேரம்கூட ஆகிவிடும். சர்ஜாபுரம், ஒசகோட்டை வழியாகச் சுற்றிப் போகிறவர்கள் நகருக்குள் நுழையாமல் தப்பலாம், ஆனால் அந்த வழியிலும் லாரிக் கூட்டம் உண்டு.

2. நிலைய வாசலிலிருந்து விமானப் படி வரை. பெரிய நிலையத்தில் உள்நாட்டுப் பயணத்துக்கே இரண்டு மணி நேரம் முன்னால் போவது வழக்கம். எந்த டெர்மினல் என்று பார்க்க வேண்டும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும், கேட் தொலைவில் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கவும் வேண்டும். சிறிய நிலையத்தில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே விமானம்தான். 78 பேருக்கு மேல் வரிசை நீளாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கவுன்டர் மூடும் நேரம் இங்கேயும் அதேதான். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடுவதே இண்டிகோவின் உள்நாட்டு வழக்கம். "சின்ன ஏர்போர்ட்தானே" என்று 50 நிமிடத்துக்கு முன்னால் போய் நின்றால், விமானம் கண்ணெதிரே நிற்கும், ஏற விடமாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் போதும்.

3. இறங்கியதும். படியிறங்கி, தரையில் நடந்து, கட்டடத்துக்குள் வந்தால் பெட்டியும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அழைத்துப் போக வந்தவர் வாசலிலேயே நிற்பார். வயதானவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி. ஏடிஆரின் கதவு தாழ்வாக இருக்கும், ஐந்தாறு படிதான். அதுவும் முடியாதவர்கள் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிய வேண்டும். தூக்கி ஏற்றும் வசதி அந்தச் சிறு நிலையத்தில் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வாடகை வண்டிச் செலவு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக் கார்க்காரர் திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் கேட்பார். தேவனஹள்ளி: 170 × 2 × 14 = 4,760. காமலாபுரம்: 50 × 2 × 14 = 1,400. இதற்கு மேல் தேவனஹள்ளி வழியில் சுங்கச்சாவடிகள், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலக் கட்டணம். அகில இந்திய பர்மிட் இல்லாத தமிழ்நாட்டு வாடகை வண்டியாக இருந்தால் கர்நாடக பர்மிட் கட்டணமும் உண்டு. விமான டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று தேவனஹள்ளியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த 3,000 ரூபாய்க்கு மேலான வித்தியாசத்தைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிச்சயமின்மை எங்கே?

இரண்டு நிலையங்களுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான். தேவனஹள்ளி வழியில் போனால் நிச்சயமின்மை சாலையில் இருக்கிறது, விமானத்தில் இல்லை. ஒரு டெல்லி விமானம் ரத்தானால் அன்றைக்கே அடுத்தது உண்டு. சேலம் வழியில் சாலை பெரும்பாலும் நிச்சயம், விமானம் அப்படியில்லை. ஒரு ஊருக்கு நாளுக்கு ஒரு விமானம், சில தடங்களில் வாரத்தில் சில நாள் மட்டும். அது வராவிட்டால் அடுத்தது நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள்.

சாலையில் விதிவிலக்கு தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து போகும்போது அது இறக்கம். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று கவிழ்ந்தால் போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுவிடும். அதற்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எனவே தேதி தவறக்கூடாத பயணத்துக்கு, அதாவது விசா நேர்காணல், தேர்வு, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு, ஏடிஆரை நம்பினால் ஒரு நாள் முன்னதாகப் போக வேண்டும். கல்யாணத்துக்கு, ஊர் திரும்ப, பெற்றோரை அழைத்துவர என்றால் சேலமே சுகம்.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும்

தருமபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம் பக்கத்தவர்களுக்குச் சேலத்திலிருந்து நேரடி விமானம் போகும் ஊர் என்றால் யோசிக்கவே வேண்டாம். கிருஷ்ணகிரிக்காரருக்குக் காமலாபுரம் சுமார் 95 கிலோமீட்டர், தேவனஹள்ளி சுமார் 125. வித்தியாசம் முப்பதே கிலோமீட்டர்; நேரடி விமானம் இருந்தால், அதுவும் மாலை நெரிசல் நேரத்தில் என்றால், சேலம். மற்றபடி தேவனஹள்ளியே மேல். ஓசூர்க்காரருக்குச் சேலம் கணக்கிலேயே வராது. தேவனஹள்ளி 75 கிலோமீட்டர். ஒற்றை ஆளாகப் போகிறவர் எலக்ட்ரானிக் சிட்டி வரை போய், அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் கேஐஏ-8 வாயு வஜ்ரா பேருந்தைப் பிடிக்கலாம்.

சென்னை வரை மட்டும் போகிறவர்கள் ரயிலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொரப்பூரில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம்; விமானம் மீனம்பாக்கத்தில் இறக்கும். வேலை வடசென்னையில் என்றால் மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி சென்னை நெரிசலில் போய்விடும்.

மலிவு டிக்கெட் எல்லோருக்கும் இல்லை

உடான் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கொள்கை 2016 அக்டோபரில் வந்தது; முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி இடையே பறந்தது. "ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய்" என்று அப்போது சொன்னது இன்னமும் மனதில் நிற்கிறது. இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. அந்த உச்சவரம்பு பிறகு திருத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அது எல்லா இருக்கைக்கும் பொருந்தாது என்பது அடுத்தது: பாதி இருக்கை, அதுவும் அதிகபட்சம் 40. 78 இருக்கை விமானத்தில் 39. மீதிக்குச் சந்தை விலை. பண்டிகை வாரத்தில் கடைசி நேரத்தில் பார்க்கிறவர் கண்ணில் படுவது அந்த மீதி 39இன் விலை.

உடான் தடத்தில் நட்டத்தை ஈடுகட்ட நிறுவனத்துக்கு மானியம் உண்டு. அது மூன்று ஆண்டுக்கு மட்டும். அதற்குள் பயணிகள் பழகிக்கொள்ளாவிட்டால் தடம் நின்றுபோகும். சேலம் நிலையம் 1993இல் திறந்தது. 2009இல் கிங்ஃபிஷர் வந்து 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கி 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி தடத்தில் தொடங்க, அதே மாதக் கடைசியில் இண்டிகோவும் வந்தது. இந்த வரலாற்றைப் பார்த்தவர் நான்கு மாதத்துக்கு அப்புறமான பயணத்தைச் சேலத்தை நம்பி முடிவு செய்ய மாட்டார். அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அந்தத் தேதியைத் தாண்டிய டிக்கெட் என்றால், மாறிய பிறகு ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள்.

விமானம் ஏன் வராமல் போகிறது?

மூன்று காரணம் அடிக்கடி வரும்.

முதலாவது, தெரிவுநிலை, அதாவது விமானிக்கு எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. பெங்களூரில் மார்கழிப் பனியிலும் ஐஎல்எஸ் என்ற கருவி விமானத்தை ஓடுதளத்துக்கு வழிகாட்டும். அடிப்படை வகை ஐஎல்எஸ் இருந்தாலே 550 மீட்டர் தெரிவுநிலையில் இறங்கலாம். பெங்களூரின் தெற்கு ஓடுதளத்தில் அதைவிட உயர்ந்த வகை இருக்கிறது. சிறு நிலையங்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் என்றால் 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். அந்த விதியில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் பறக்கவும் கூடாது. மாலை விமானம் முந்தைய ஊரிலேயே ஒரு மணி நேரம் தாமதமானால் ரத்தாவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்ந்த மேகம் வந்தால், பக்கத்திலேயே சேர்வராயன் மலை நிற்பதால் விமானி துணிய மாட்டார். பெங்களூருக்கோ சென்னைக்கோ கோவைக்கோ திருப்பிவிடுவார்.

இரண்டாவது, வெயில். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கை அதே தூக்குவிசையைப் பெற அதிக வேகம் வேண்டும், அதற்கு அதிக ஓடுதளம் வேண்டும். பெங்களூரு நிலையம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் 4,000 மீட்டர் ஓடுதளத்தால் சமாளிக்கிறது. சேலம் 300 மீட்டர் உயரம்தான். ஆனால் சித்திரை மதியம் 40 டிகிரியைத் தொடும்போது 1,806 மீட்டருக்குள் கிளம்ப வேண்டும். பாரத்தைக் குறைத்தால்தான் முடியும் என்ற நிலை வந்தால், முதலில் சரக்கு நிற்கும், அடுத்து சில பெட்டிகள், கடைசியில் சில பயணிகள். கோடையில் காலை விமானம் இருந்தால் அதையே எடுங்கள்.

மூன்றாவது, ஒரே விமானம் பல ஊர் சுற்றுவது. காலையில் எங்கோ கோளாறு வந்தால் மாலை வரை தாமதம் சேர்ந்துகொண்டே வரும். பெரிய நிலையத்தில் மாற்று விமானம் நிற்கும். சிறிய நிலையத்தில் நிற்காது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை: இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு 7,500. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகை. வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடையாது, டிக்கெட் பணம் மட்டும். எனவே கவுன்டரில் "என்ன காரணம்?" என்று கேட்டு, எழுத்தில் அல்லது குறுஞ்செய்தியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் எல்லாமே வானிலை ஆகிவிடும்.

ஏடிஆரில் பெட்டி

உள்ளே ஏற்றும் பெட்டி பெரும்பாலும் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. மேல்தட்டு சிறியது. ஜெட்டில் உள்ளே போகும் சக்கரப் பெட்டி இதில் நுழையாது. படியருகே வாங்கி, சீட்டு கட்டி, கீழே வைத்துவிடுவார்கள், இறங்கியதும் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, நகை, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் கீழ்ப்பகுதியில் போகவே கூடாது. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி செந்தூராவோ அல்போன்சோவோ கொண்டுபோகிறவர்கள் அட்டைப்பெட்டியையும் சேர்த்து எடை போடுங்கள். கூடுதல் கிலோவுக்குக் கட்டும் பணத்தில் அங்கேயே பழம் வாங்கிவிடலாம். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச்சத்தால் தீப்பிடிக்கும் என்பதால் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை.

இணைப்பு விமானம்: ஒரே பிஎன்ஆரா?

வளைகுடாவுக்கோ டெல்லிக்கோ போகிறவர்களுக்குச் சேலத்தின் உண்மையான பயன் இணைப்பில் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

1. சேலம்–சென்னை, சென்னை–துபாய் இரண்டையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான்.

2. சேலம் கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் படித்துப் பாருங்கள். கடைசி ஊரின் குறியீடு அச்சாகியிருக்க வேண்டும். சென்னைக் குறியீடான எம்ஏஏ மட்டும் இருந்தால் சென்னையில் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

3. தனி டிக்கெட்டாக இருந்தால் உள்நாட்டு இணைப்புக்கு மூன்று மணி நேரமும், வெளிநாட்டு இணைப்புக்கு ஐந்து மணி நேரமும் இடைவெளி விடுங்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வரும்போது, ஒரே பிஎன்ஆர் என்றாலும், குடியேற்றமும் சுங்கமும் சென்னையிலேயே முடியும். பெட்டியை அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். நள்ளிரவில் இறங்கி மறுநாள் மதியம் சேலம் விமானத்துக்குக் காத்திருப்பதைவிட ரயிலோ பேருந்தோ முந்திக்கொள்ளும்.

ஓசூரும் 150 கிலோமீட்டர் வட்டமும்

2024 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு நிலையம். இதைச் சிறு நிலையம் என்று சொல்லவே முடியாது. ஓசூரை ஒட்டிய பேலகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே ஒரு தனியார் ஓடுதளம் இருக்கிறது, சுமார் 2,100 மீட்டர். சேலத்து ஓடுதளத்தைவிட நீளம். இருந்தும் பயணிகள் விமானம் அங்கிருந்து பறக்கவில்லை.

பெங்களூரு நிலையத்துடன் மத்திய அரசு செய்த ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள், மைசூரு, ஹாசன் தவிர, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் எந்த நிலையத்தையும் பன்னாட்டு நிலையமாக உருவாக்கவோ தரம் உயர்த்தவோ அனுமதிப்பதில்லை என்பது அதன் நிபந்தனை. திறந்தது 2008 மே. முடிவது 2033 மே. ஓசூர் வட்டத்துக்கு நன்றாக உள்ளே, ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது. தருமபுரி நகரமும் வட்டத்துக்குள்தான். காமலாபுரம் சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, மயிரிழையில் வெளியே.

சரக்கும் இந்தக் கணக்கில் சேரும். காதலர் தினத்துக்காக ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வெட்டும் ரோஜா, மொட்டு விரியாமல் இருக்க நாலைந்து டிகிரிக் குளிரில் வைத்து, குளிர்சாதன லாரியில் தேவனஹள்ளிக்குப் போகிறது. அங்கே பூவுக்கும் காய்கறிக்கும் தனிக் குளிர்பதன முனையம் இருக்கிறது; வெளிநாடு போகும் அகல உடல் விமானத்தின் வயிற்றில் டன் கணக்கில் இடமும் இருக்கிறது. ஏடிஆரின் சரக்கறையில் பயணிகளின் பெட்டி போக மிஞ்சுவது சில நூறு கிலோதான். தருமபுரிக்காரர் சேலத்தில் ஏறத் தொடங்கினாலும், ஓசூர் ரோஜா இன்னும் பல தை மாதங்களுக்கு அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.